பூட்டை உடைக்கச் சொன்ன வக்கீல்

லாயிட் ஜார்ஜ் பத்தி எழுதுறவங்க வழக்கமா ஒரு கதை சொல்வாங்க: நல்ல மனுஷன், பதவி வந்ததும் கெட்டுப்போனார். எனக்கு அதுல உடன்பாடில்லை. அவர் மாறவே இல்லை, கட்சிக்காரர்தான் மாறினார் என்பது என் வாதம்.

தகப்பன் சீக்கிரமே இறந்துவிட, வடக்கு வேல்ஸில் செருப்புத் தைக்கும் தாய்மாமன் வளர்த்த பிள்ளை அவர். 1884-ல் வக்கீல் ஆனார். 1888-ல் லான்ஃப்ராத்தன் ஊரில் ராபர்ட் ராபர்ட்ஸ் என்ற கல்குவாரித் தொழிலாளி இறந்தார். மகள் பக்கத்தில் புதைக்கணும் என்பது அவர் ஆசை. ஆனால் அவர் இங்கிலாந்துத் திருச்சபையைச் சேராதவர். தன் சபை முறைப்படி அடக்கம் செய்ய 1880-ம் வருஷச் சட்டம் இடம் கொடுத்தும், பாதிரியார் கல்லறைத் தோட்டத்தைப் பூட்டிவிட்டார். பூட்டை உடைச்சு உள்ளே போங்க என்று குடும்பத்துக்கு யோசனை சொன்னவர் லாயிட் ஜார்ஜ். கீழ்க்கோர்ட்டில் தோற்று, லண்டன் மேல்முறையீட்டில் ஜெயிச்சார். 1890 இடைத்தேர்தலில் வெறும் 18 ஓட்டு வித்தியாசத்தில் எம்.பி. ஆனபோது, இந்த வழக்கு தந்த பேரும் கூட இருந்தது.

கவனிங்க, அவர் சட்டத்தை மீறச் சொல்லலை. சட்டத்தின் வரியைப் பாதிரியாரைவிட நல்லாப் படிச்சிருந்தார், அவ்வளவுதான்.

நிதியமைச்சராக அவர் செய்ததும் அதே வேலைதான். எழுபது வயசானவங்களுக்கு வாரம் 5 ஷில்லிங் வரை பென்ஷன், 1909 பட்ஜெட்டில் நிலத்துக்கும் பெரும் வருமானத்துக்கும் வரி, 1911-ல் உடல்நலக் காப்பீடு. பட்ஜெட்டைத் தடுத்த பிரபுக்கள் சபை 1911-ல் தன் தடுப்பு அதிகாரத்தையே இழந்தது. ஏழைக்காக வாதாடின வக்கீலை இங்கே முழுசாகப் பார்க்கலாம்.

ஆனால் அடுத்த வருஷமே மார்க்கோனி விவகாரம். ஆங்கில மார்க்கோனி கம்பெனி அரசாங்க ஒப்பந்தத்துக்குக் காத்திருந்த நேரத்தில், அமெரிக்க மார்க்கோனி பங்குகளை வாங்கியிருந்தார். சபையில் கேள்வி வந்தபோது, கூட பங்கு வாங்கிய அட்டர்னி ஜெனரல் ரூஃபஸ் ஐசக்ஸ், "அந்தக் கம்பெனி"யில் தங்களுக்குப் பங்கில்லை என்கிற அர்த்தத்தில் மறுத்தார். சொல்லுக்குச் சொல் உண்மை. அமெரிக்கக் கம்பெனி பத்திப் பேச்சே இல்லை. லாயிட் ஜார்ஜும் அதைச் சொல்லலை. இந்தத் தடவை கட்சிக்காரர் அவரேதான்.

பிரதமரான பிறகு பட்டங்கள் பணத்துக்குக் கைமாறின, பணம் அவருடைய அரசியல் நிதிக்குப் போனது. அதைக் குற்றமாக்கும் சட்டமே 1925-லதான் வந்தது. 1922-ல் பதவி போனது. அதுக்குப் பிறகு திரும்பக் கிடைக்கவே இல்லை.

வரியைத் துல்லியமாப் படிக்கிற திறமை ராபர்ட்ஸ் குடும்பத்துக்கு நியாயம் வாங்கிக் கொடுத்தது. சொந்தத் தப்பை மறைக்கவும் அதே திறமை உதவியது. சட்டப்படி சரியா என்று கேட்கத் தெரிந்தவர், அது மட்டும் போதுமா என்று தன்னைக் கேட்டுக்கலை.

1945-ல், சாவதற்குக் கொஞ்ச நாள் முன்னாடி, தான் சண்டை போட்ட அதே பிரபு வர்க்கத்தில் ஏர்ல் பட்டம் வாங்கினார். புதைச்சது மட்டும் எந்தக் கல்லறைத் தோட்டத்திலும் இல்லை. சொந்த ஊரில், ட்வைஃபோர் ஆத்தங்கரையில், ஒரு பெரிய பாறைக்கு அடியில்.