யார் பெயரில் ஆய்வு?

ஆண்டுதோறும் எங்கள் கல்லூரியில் ஒரு படிவம் தருவார்கள். கடந்த ஓராண்டில் எத்தனை கட்டுரைகள் வெளியிட்டீர்கள், எந்த இதழில், அந்த இதழ் ஸ்கோபஸ் பட்டியலில் உள்ளதா என்று கேட்கும் படிவம். கவிதைத் தொகுப்புக்கு அதில் கட்டம் கிடையாது. கைக்குழந்தையோடு ஆய்வேட்டை எழுதி முடித்த மாணவிக்காக ஒரே இயலை ஐந்து முறை உட்கார்ந்து திருத்தியதற்கும் கட்டம் கிடையாது. இது நம் ஊர் அலுவலகத் தொல்லை என்றே நெடுநாள் நினைத்திருந்தேன். மேற்கு ஆப்பிரிக்காவில், கானா நாட்டின் குமாசி நகரத்துப் பல்கலைக்கழகத்தைப் பற்றி வாசிக்கத் தொடங்கியபோது, அங்கும் ஏறக்குறைய இதே கேள்விகள்தாம் கேட்கப்படுகின்றன என்று தெரிந்தது. அதன் பிறகு அந்தப் பல்கலைக்கழகத்தின் ஆய்வு வரலாற்றை ஒரு பனுவலாக எடுத்துக்கொண்டு வாசித்தேன். யார் பேசுகிறார்கள், யாரைப் பற்றிப் பேசுகிறார்கள், யார் பெயர் விடுபடுகிறது என்பதே என் கேள்வி.

குவாமே என்க்ரூமா அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் கதையே பெயரைப் பற்றிய கதைதான். பிரிட்டிஷ் ஆட்சிக் காலத்தில், 1951இல் பிறப்பிக்கப்பட்ட சட்டத்தின்படி குமாசி தொழில்நுட்பக் கல்லூரியாக அது உருவானது. 1952 ஜனவரியில், அச்சிமோட்டாவிலிருந்து மாற்றப்பட்ட 200 ஆசிரியர் பயிற்சி மாணவர்களோடு வகுப்புகள் தொடங்கின. நாடு விடுதலை பெற்றபின் 1961இல் பல்கலைக்கழகமாகி என்க்ரூமாவின் பெயரைப் பெற்றது. 1966இல் ராணுவம் அவரது ஆட்சியைக் கவிழ்த்ததும் அந்தப் பெயர் நீக்கப்பட்டது. 1998இல் திரும்பச் சேர்க்கப்பட்டது. ஓர் ஆணின் பெயரை எழுதவும் அழிக்கவும் மீண்டும் எழுதவும் அரசுகள் இவ்வளவு பாடுபட்டிருக்கின்றன. அதே வளாகத்தின் ஆய்வுகளுக்கு அறிவையும் உழைப்பையும் தந்த பெண்களின் பெயர்களை அழிக்க யாரும் சிரமப்பட வேண்டியிருக்கவில்லை. அவை எழுதப்படவே இல்லை.

இன்று அந்தப் பல்கலைக்கழகம் மருந்தியல், வெப்பமண்டல நோய்கள், வேளாண்மை, பொறியியல் எனப் பல துறைகளில் ஆய்வுகளை வெளியிடுகிறது. சொந்தமாக ஆய்விதழும் நடத்துகிறது. ஆனால் தரவரிசைக்கு எடுத்துக்கொள்ளப்படும் எண்ணிக்கை பெரும்பாலும் வேறிடத்தில் தயாராகிறது. ஸ்கோபஸ் என்னும் தரவுத்தளத்தை 2004இல் தொடங்கியது எல்சவியர் என்ற டச்சுப் பதிப்பு நிறுவனம். எந்த இதழை அதில் சேர்ப்பது என்பது குமாசியிலோ மதுரையிலோ முடிவாவதில்லை. இந்த எண்ணிக்கையை நான் முழுக்கப் பழிக்க மாட்டேன். உலகம் திரும்பிப் பார்க்காத ஊரில் இருக்கும் ஆய்வாளருக்கு, அந்தப் பட்டியலில் ஏறுவதால் நிதியும் கூட்டாளிகளும் கிடைக்கின்றன. எண்ணப்படுவதில் பயன் உண்டு. எண்ணப்படாதது நடக்கவே இல்லை என்று எடுத்துக்கொள்வதைத்தான் எதிர்க்கிறேன்.

லெட்டீஷியா ஒபெங்கை எடுத்துக்கொள்வோம். 1925இல் பிறந்தவர். பர்மிங்ஹாமில் விலங்கியலும் தாவரவியலும் படித்துவிட்டு வந்து, 1952 முதல் 1959 வரை குமாசிக் கல்லூரியில் கற்பித்தார். அதாவது அந்த நிறுவனத்தின் முதல் ஏழாண்டுகள். கணவர் இறந்தபின் தேசிய ஆய்வுக் குழுவில் விஞ்ஞானியாகச் சேர்ந்தார். ஆற்றோரங்களில் மனிதரைக் கடித்துப் பார்வையைப் பறிக்கும் நோயைப் பரப்பும் கருவண்டு ஈக்களை ஆராய்ந்து, 1964இல் முனைவர் பட்டம் பெற்றார். நீர்வாழ் உயிரியலுக்கென ஓர் ஆய்வு நிறுவனத்தை உருவாக்கினார். பின்னாளில் கானா கலை அறிவியல் கழகத்தின் முதல் பெண் தலைவரும் ஆனார். இவ்வளவு சாதித்தவரின் குமாசி ஏழாண்டுகள் வாழ்க்கைக் குறிப்பில் ஒரே வரியில் முடிந்துவிடுகின்றன. கற்பித்தார் என்ற அந்த ஒரு வினைச்சொல்லுக்குள் எத்தனை பாடவேளைகள், எத்தனை விடைத்தாள்கள், எத்தனை மாணவர்கள் இருந்திருப்பார்கள்? கட்டுரைகளை மட்டும் எண்ணும் கணக்கில் ஒரு பெண்ணின் ஏழாண்டு உழைப்பு பூச்சியமாகிவிடும்.

ஒபெங்கின் ஆய்வுக் களங்களில் ஒன்று வோல்டா ஏரி. 1965இல் அகோசோம்போ அணை முடிந்ததும், ஏறக்குறைய 8,500 சதுர கிலோமீட்டர் பரப்பில் நீர் தேங்கியது. சுமார் 80,000 பேர் வீடு வாசலை விட்டு வெளியேற நேர்ந்தது. ஓடிய நீர் நின்றதும் பாசியும் நத்தையும் பெருகின. அவற்றோடு நத்தைக் காய்ச்சல் எனப்படும் பில்ஹார்சியாவும் பெருகியது. நீர் எடுக்கவும் துணி துவைக்கவும் குழந்தைகளைக் குளிப்பாட்டவும் அந்த ஏரியில் நாள்தோறும் இறங்குகிறவர்கள் பெண்கள். ஆனால் சிறுநீரில் இரத்தம் என்பதே இந்நோயின் அடையாளமாக மருத்துவ நூல்களில் நிலைத்தது. பெண்ணின் கருப்பை வாயிலும் பிறப்புறுப்பிலும் அதே ஒட்டுண்ணியின் முட்டைகள் தங்கிப் புண்ணாக்கும், வலியும் குருதிப்போக்கும் மலட்டுத்தன்மையும் உண்டாக்கும் என்பது எகிப்தில் 1899இலேயே பதிவாகிவிட்டது. மருத்துவப் பணியாளர்கள் அதைக் கண்ணால் அடையாளம் காண உதவும் படக் கையேட்டை உலக சுகாதார நிறுவனம் வெளியிட்டது 2015இல். இடைப்பட்ட நூறாண்டுக்கும் மேலான காலத்தில், பாலியல் தொற்று என்று தவறாகக் கருதப்பட்டுத் தலைகுனிந்து நின்ற பெண்கள் எத்தனை பேரோ. ஆய்வில் யார் பெயர் வருகிறது என்பது வெறும் கௌரவப் பிரச்சினை இல்லை என்று நான் சொல்வது இதனால்தான். யார் கேள்வி கேட்கிறார்கள் என்பதைப் பொறுத்தே யாருடைய நோய் நோயாகிறது.

இனி சோப்புக்கு வருகிறேன். 1972இல் அந்தப் பல்கலைக்கழகம் தொழில்நுட்ப ஆலோசனை மையம் ஒன்றைத் தொடங்கியது. ஆய்வகத்து அறிவைத் தெருவுக்குக் கொண்டுசேர்ப்பது நோக்கம். குமாசியின் சுவாமே பட்டறைப் பகுதியில் 1980இல் தொழில்நுட்பப் பரிமாற்றப் பிரிவும் திறக்கப்பட்டது. பட்டியல்களுக்காக அன்றி ஊருக்காக நடந்த வேலை என்பதால் எனக்கு அதன்மேல் மரியாதை உண்டு. அந்த மையத்தை நடத்திய ஆங்கிலேயப் பொறியாளர் ஜான் பவல், அங்குள்ள கைவினைப் பொறியாளர்களின் வாழ்க்கையை 1995இல் நூலாக்கினார். வலியது பிழைக்கும் என்ற டார்வினியச் சொற்றொடரில் வலியதை எடுத்துவிட்டு ஃபிட்டரை வைத்திருக்கிறது அதன் தலைப்பு. ஃபிட்டர் என்றால் நம் மனத்திலும் ஓர் ஆண்தான் வருவான், ஸ்பேனரோடு.

மையம் முதலில் கைவைத்த தொழில்களில் ஒன்று சோப்பு. கொக்கோ ஓட்டையும் வாழைக்காய்த் தோலையும் எரித்துச் சாம்பலாக்கி, அதன் காரநீரைப் பனை எண்ணெயோடு காய்ச்சிச் சோப்பு செய்வது அந்நாட்டுப் பெண்கள் தலைமுறைகளாக அறிந்த வேலை. எந்தச் சாம்பல், எவ்வளவு நேரம், எந்தப் பதத்தில் இறக்குவது என்பதெல்லாம் வேதியியல்தான். ஆனால் தொழில்நுட்பப் பரிமாற்றம் என்ற சொல் பல்கலைக்கழகத்திலிருந்து ஊருக்கு என ஒரே திசையில்தான் பயணிக்கிறது. ஊரிலிருந்து பல்கலைக்கழகத்துக்கு வந்ததற்குப் பெயர் பாரம்பரிய முறை. அதற்கு ஆசிரியர் கிடையாது, ஆண்டு கிடையாது, மேற்கோள் கிடையாது.

குமாசியின் மையச் சந்தை மேற்கு ஆப்பிரிக்காவின் பெரிய சந்தைகளுள் ஒன்று. அதை நடத்துகிறவர்களில் பெரும்பாலோர் பெண்கள். 1979இல் ராணுவ அரசு விலைவாசி ஏற்றத்துக்குச் சந்தைப் பெண்களையே குற்றவாளிகளாக்கியது. அக்ராவின் மக்கோலா சந்தை தரைமட்டமானது. குமாசியிலும் பெண்கள் ராணுவத்தின் வன்முறைக்கு ஆளானார்கள். கடன், தவணை, சரக்கு, பருவம் என அவர்கள் கட்டிக் காத்த நுட்பமான ஏற்பாட்டை அதிகாரம் பதுக்கல் என்ற ஒரே சொல்லால் அடித்து நொறுக்கியது. அந்த ஏற்பாட்டை விரிவாக விளக்கிய நூல் 1994இல் சிகாகோவிலிருந்து வந்தது. எழுதியவர் அமெரிக்க மானிடவியலாளர் கிரேசியா கிளார்க். 2010இல் அவரே இன்னொரு நூலையும் கொண்டுவந்தார். அதில் ஏழு பெண்கள் தங்கள் வாழ்க்கையைத் தாங்களே சொல்கிறார்கள். முதல் நூலில் சந்தை ஆய்வுப்பொருள். இரண்டாவதில் சந்தைப் பெண் சொல்கிறவள். ஒரே ஆய்வாளர் இந்த இரண்டையும் செய்ய முடியும் என்பதற்கு இதுவே சான்று. முனைவர் பட்ட மாணவிகளுக்கு நான் சுட்டிக்காட்ட விரும்புவது இந்த நகர்வைத்தான்.

இரண்டு மறுப்புகள் எழக்கூடும். ஒன்று, நிலைமை மாறிவிட்டதே என்பது. 2020 ஆகஸ்டில் மருந்தியல் பேராசிரியர் ரீட்டா அகோசுவா டிக்சன் அந்தப் பல்கலைக்கழகத்தின் முதல் பெண் துணைவேந்தரானார். மூலிகைகளின் வேதியியலை ஆராய்ந்தவர். மகிழ வேண்டிய செய்தி. ஆனால் அந்த ‘முதல்’ வருவதற்கு 68 ஆண்டுகள் ஆயின. உச்சியில் ஒரு பெண் அமர்வதும் அடியில் உள்ள பெண்ணின் அறிவுக்குப் பெயர் கிடைப்பதும் ஒன்றல்ல. இரண்டாவது மறுப்பு கனமானது. ஆய்வில் பேசிய பெண்ணின் பெயரை மறைப்பது அவளுடைய பாதுகாப்புக்காக என்பது. நோயைப் பற்றியும் கடனைப் பற்றியும் பேசுகிறவளுக்கு அந்த மறைவு தேவைதான். அதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை. ஆனால் சோப்புப் பதம் சொன்னவளை யாரிடமிருந்து பாதுகாக்கிறோம்? வலியைச் சொன்னவளுக்கும் அறிவைச் சொன்னவளுக்கும் ஒரே ‘தகவலாளி’ பட்டத்தைக் கொடுத்துவிடுவது பாதுகாப்பு ஆகாது, சோம்பல்.

இலக்கணம் கற்பிக்கிறவள் என்பதால் இன்னொன்றும் சொல்கிறேன். ‘தரவுகள் திரட்டப்பட்டன’ என்று நம் ஆய்வேடுகளிலும் எழுதுகிறோம். செயப்பாட்டு வினைக்குள் எழுவாய் ஒளிந்துகொள்ள வசதியுண்டு. திரட்டியவள் யார், தந்தவள் யார், திரட்டப் போனவளின் குழந்தையை அன்று பார்த்துக்கொண்டவள் யார் என்பதெல்லாம் அந்த ஒற்றை வினைக்குள் அடங்கிப்போகும். சங்கப் பாடல்களைத் தொகுத்தவர்களுக்குச் சில புலவர்களின் பெயர் தெரியவில்லை. பாட்டிலிருந்த தொடரையே எடுத்துச் செம்புலப்பெயனீரார் என்று பெயர் வைத்தார்கள். பெயர் தெரியாவிட்டாலும் சொன்னவர் ஒருவர் உண்டு என்பதை அவர்கள் மறக்கவில்லை.

படிவம் இந்த ஆண்டும் வந்திருக்கிறது. கட்டங்களை நிரப்பிவிட்டு, பின்பக்கத்தில் ஐந்து முறை திருத்திய அந்த ஆய்வேட்டின் தலைப்பையும் அந்த மாணவியின் பெயரையும் எழுதினேன். அலுவலகத்தில் யாரும் பின்பக்கத்தைப் பார்ப்பதில்லை என்று எழுத்தர் சொன்னார். இருக்கட்டும், தாள் அங்கே இருக்கும் அல்லவா என்றேன்.