மோந்து முடிக்கட்டும்

கம்பத்திலிருந்து சுருளி அருவிக்குப் போகும் சாலையை விட்டு விலகி, அறுவடை முடிந்த வயல்களின் ஊடே மலையடிவாரத்தை நோக்கி நடக்கிறவர்களுக்கு, முள்வேலி அடைத்த மாட்டுக் கிடை ஒன்று எங்கேனும் கண்ணில் படும். பகலெல்லாம் மேய்ந்து அந்தியில் பட்டிக்குத் திரும்பும் இந்த மலைமாடுகளைப் பாலுக்காக வளர்ப்பவர் அபூர்வம். வயலுக்கு எருவும், ஏருக்கும் வண்டிக்கும் மஞ்சுவிரட்டுக்கும் காளைக்கன்றுகளுமே இவற்றால் விளையும் பிரயோஜனம். பால் பெரும்பாலும் கன்றுக்கே போய்ச் சேருகிறது. ஆகையால், பாலூட்டிப் பிராணிகளின் தாய்மையை, மனிதனுடைய கை அதிகமாகக் குறுக்கிடாத நிலையில் கண்டு ரசிக்க விரும்புகிறவர்களுக்குத் தேனி ஜில்லாவில் இதைவிட நல்ல பாடசாலை இல்லை என்பது என் அபிப்பிராயம்.

ஈற்று நெருங்கிய பசு மந்தையை விட்டு ஒதுங்கும். இது முதல் அடையாளம். ஏறக்குறைய 280 நாள் சுமந்த பாரம் இறங்கும் வேளையில், மடி பருத்து, வாலடியின் இருமருங்கும் குழி விழுந்து, படுப்பதும் எழுவதுமாக நிலைகொள்ளாமல் தவிக்கும் அந்த ஜீவன், பனிக்குடம் உடைந்து நீர் சிந்திய இடத்துக்கே திரும்பத் திரும்ப வந்து மண்ணை மோந்து நக்குவதைக் கவனியுங்கள். செம்மறியாடுகளை வைத்து நடத்திய பரிசோதனைகளில், மற்ற நாட்களில் இந்தப் பனிக்குட நீரின் வாடையை அருவருத்து விலகும் பெண் ஆடு, பிரசவ வேளையில் மட்டும் அதையே நாடி வருவதாகக் கண்டிருக்கிறார்கள். தாய்மையின் முதல் மாறுதல் மூக்கில் நிகழ்கிறது. அதன் பின்னர் முன்னங்கால்கள் இரண்டும், அவற்றின்மேல் சாய்த்து வைத்த முகமுமாகக் கன்று வெளிப்படும். அதன் குளம்பின் நுனியில், தாயின் கர்ப்பப்பையைக் கீறிவிடாதபடி, வெளுத்து மிருதுவான உறை ஒன்று இருக்கும். கிராமத்தில் அதைக் கிள்ளி எடுப்பார்கள். கிள்ளாவிட்டாலும் நடக்க நடக்கத் தேய்ந்துபோகும்.

பல வருஷங்களுக்கு முன்னால், நாராயணத்தேவன்பட்டிப் பக்கத்துக் கிடை ஒன்றில், தலையீற்றுக் கிடேரி ஒன்று கன்று போட்டதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கன்று தரையில் விழுந்ததும் கிடேரி மிரண்டு துள்ளிப் பின்வாங்கி, தன்னிடமிருந்தே வந்த அந்த ஈரமான ஜந்துவை யாரோ கொண்டுவந்து போட்டதுபோல வெறித்துப் பார்த்தது. கன்று தலையைத் தூக்க முடியாமல் தும்மிற்று. எனக்கு மனம் பொறுக்கவில்லை. சாக்குத் துண்டு ஒன்றை எடுத்துத் துடைக்கக் குனிந்தேன். "தொடாதீங்கய்யா, தள்ளி நில்லுங்க, அவ மோந்து முடிக்கட்டும்" என்றார் கிடைக்காரப் பெரியவர். நான் நகர்ந்தேன். கிடேரி இரண்டடி வந்தது, கழுத்தை நீட்டி மோந்தது, மறுபடியும் பின்வாங்கிற்று, மீண்டும் வந்து, நாக்கின் நுனியால் ஒருமுறை தொட்டுச் சுவைத்தது. அந்த ஒரு நக்கலுக்குப் பிறகு, வாயைத் திறவாமலே அடித்தொண்டையிலிருந்து தாழ்ந்த முனகல் ஒன்று எழுந்தது. அதுவரை அந்தக் கிடேரி அப்படிக் குரல் கொடுத்ததே இல்லை என்று பெரியவர் சொன்னார்.

அந்த முனகலைக் கேட்கப் பழகுங்கள். கன்றைப் பிரித்தால் பசு வாய் திறந்து கதறும் கதறலை ஊரே கேட்கும்; கன்று அருகில் இருக்கும்போது எழுப்பும் இந்த மெல்லிய ஒலியோ பக்கத்தில் அசையாமல் நிற்பவனுக்கு மாத்திரமே கேட்கும்.

இந்த மாறுதலுக்கு உள்ளே என்ன நடக்கிறது என்பதை அறிந்துகொண்டு பார்ப்பவனுக்கு ஆனந்தம் இரட்டிக்கும். கன்று வெளியேறும்போது கருப்பை வாய் விரிகிற விரிவு, நரம்புகளின் வழியே மூளைக்கு எட்டி, அங்கே ஆக்ஸிடோசின் என்னும் ரஸத்தைப் பெருகச் செய்கிறது. மூளையடியிலுள்ள சிறு சுரப்பியின் சாறு கருப்பையைச் சுருங்கச் செய்வதை 1906-இல் ஹென்றி டேல் கண்டார். அந்தச் சாற்றிலுள்ள ஆக்ஸிடோசினை, ஒன்பது அமினோ அமிலங்களைக் கோத்த சிறு மாலையாக, 1953-இல் வின்சென்ட் டு விக்னோ ஆய்வுக்கூடத்திலேயே தொடுத்துக் காட்டி, 1955-இல் நோபல் பரிசு பெற்றார். பிற்பாடு 1987-இல், சினையில்லாத செம்மறியாடுகளை ஹார்மோன்களால் பக்குவப்படுத்தி, அவற்றின் மூளையில் ஆக்ஸிடோசினைச் செலுத்தியபோது, அவை அந்நியக் குட்டியைத் தம் குட்டிபோல் நக்கத் தொடங்கியதை இங்கிலாந்தில் கண்டார்கள். ஆயினும் கன்றை ஏற்கும் இந்தக் கதவு நெடுநேரம் திறந்திருப்பதில்லை. 1977-இல் வெளிவந்த பசு ஆராய்ச்சி ஒன்றில், ஈன்றவுடன் ஐந்தே நிமிஷம் கன்றோடு இருந்த பசுக்கள், பிறகு பிரித்துவைத்துக் கொண்டுவந்து விட்டபோதும் அதைச் சேர்த்துக்கொண்டன; ஈன்ற கணமே பிரித்து ஐந்து மணி நேரம் கழித்துக் காட்டியபோது, பாதிப் பசுக்கள் தம் சொந்தக் கன்றையே ஏற்க மறுத்தன. பெரியவர் என்னை விலகி நிற்கச் சொன்னதன் பொருள் இதைப் படித்த அன்றுதான் எனக்கு முழுமையாக விளங்கிற்று. அன்பை ரஸாயனமாக்கிச் சிறுமைப்படுத்திவிட்டார்கள் என்று வருந்துகிறவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஐந்து நிமிஷத்துக்குள் ஓர் உயிரின் உலகம் முழுவதையும் இன்னோர் உயிரைச் சுற்றித் திருப்பிவைக்கிற ஏற்பாட்டை அறிந்த பிறகு, பக்தி அதிகமாகிறதே ஒழியக் குறையக் காணோம்.

இளங்கொடி விழுந்ததும் சில பசுக்கள் அதைத் தின்றுவிடும். அதற்கு முன்பே எடுத்து, வைக்கோலில் சுற்றிச் சாக்கில் கட்டி, பால் வடியும் மரமாகிய ஆலின் கிளையில் தொங்கவிடுவது நம் கிராமத்து வழக்கம். கன்று எழுந்து, தாயின் முன்னங்கால் இடுக்கில் மடியைத் தேடி ஏமாந்து, பிறகு பின்பக்கம் வந்து காம்பைப் பற்றுகிற வரையில் பொறுமையாக நில்லுங்கள். மனிதத் தாய், நோயைத் தடுக்கும் சத்தைக் கர்ப்பத்திலேயே குழந்தைக்குக் கொடுத்துவிடுகிறாள். பசுவின் கருக்கொடி அதற்கு இடம் கொடுப்பதில்லை. எல்லாம் சீம்பாலின் வழியாகவே சேர வேண்டும். அதை அப்படியே உறிஞ்சிக்கொள்ளும் சக்தி கன்றின் குடலுக்கு ஏறக்குறைய ஒரு நாள்தான் உண்டு. சீம்பாலைக் காய்ச்சித் தின்ன நமக்குள்ள ஆசை, கன்றின் வயிறு நிறைந்த பிறகு தீர்ந்தால் போதும்.

கன்று மடியை முட்டுவதைக் கண்டு குறும்பு என்று நினைக்கிறோம். அந்த முட்டலும் சப்பலும் மூளைக்கு எட்டி, அதே ஆக்ஸிடோசின் ரத்தத்தில் இறங்கி வந்து மடியைப் பிழிகிறது. ஒரு நிமிஷ அளவில் கன்றின் கடைவாயில் நுரை தள்ளுவதைக் கண்ணாலேயே காணலாம். பயந்த பசு பாலை அடக்கிக்கொள்ளும். கன்று செத்தால் வைக்கோல் திணித்த தோல்கன்றை எதிரே நிறுத்திச் சுரப்பு விடச் செய்வது, இந்த வழியை நம் முன்னோர் அனுபவத்தால் அறிந்திருந்ததற்கு அத்தாட்சி. அதே ரஸத்தை ஊசியில் ஏற்றிப் பாலைப் பிடுங்குவதோ எனக்குச் சகிக்கவில்லை. மாட்டின் உடம்புக்குக் கேடு செய்து பாலைப் பெருக்கும் ஊசியை மிருகவதைத் தடுப்புச் சட்டமும் குற்றமாக்கியிருக்கிறது.

சுருளியிலும் கும்பக்கரை அருவியிலும் திரியும் நாட்டுக்குரங்குகளிடத்தில் இதே தாய்மை வேறு ரூபத்தில் தென்படும். பிறந்த அன்றே தாயின் வயிற்று ரோமத்தைப் பற்றித் தொங்கும் கருநிறக் குட்டியையும், தாவும் முன் ஒரு கையால் அதை அணைத்துக்கொள்ளும் தாயையும் பாருங்கள். அங்கே மூக்கைவிடப் பழக்கத்துக்கு மதிப்பு அதிகம். தாயில்லாமல் தனியே வளர்க்கப்பட்ட ரீசஸ் குரங்குகள் பிற்பாடு தாம் ஈன்ற குட்டிகளைப் பேணத் தெரியாமல் தவித்ததை அமெரிக்காவில் ஹார்லோ என்பவர் கண்டார்.

ஆனாலும் என் மனம் கிடைக்கே திரும்புகிறது. கம்பத்தில் மாட்டையே தெய்வமாகக் கும்பிடும் தம்பிரான் மாட்டுத் தொழுவுக்கு மாட்டுப் பொங்கலன்று ஜனங்கள் திரளுவார்கள். ரசிப்பதற்கு அந்த நாள் உகந்தது அன்று. சாதாரணமான ஒரு நாளில், கிடைக்காரரின் அனுமதி பெற்று, சூரியன் மலைக்குப் பின்னால் இறங்குவதற்கு முன் வேலியோரம் போய் நில்லுங்கள். பட்டியில் விட்டுச் சென்ற கன்றுகள் காதை விடைத்து எழும். புழுதியோடு மந்தை நுழையும். ஒரே சமயத்தில் அத்தனை தாய்களும் குரல் கொடுக்கும். அந்தச் சந்தடிக்குள் ஒவ்வொரு கன்றும் தன் தாயைத் தேடி ஓடும். தாய் கழுத்தை வளைத்து, கன்றின் வாலடியை மோந்து, தன்னுடையதுதான் என்று தெரிந்ததும் ஊட்ட நிற்கும். சொந்தக் கன்று தாயின் பக்கவாட்டில் தலைமாறி நின்று, தன் வாலடியை அதன் நாக்குக்குக் கொடுத்தபடி குடிக்கும். திருட்டுப் பால் குடிக்கவந்த அயல் கன்றோ முகம் தெரியாதபடி பின்னங்கால்களின் நடுவே தலையை நுழைக்கும். இந்த வித்தியாசம் ஒன்றைக் கண்டுபிடிக்கக் கற்றுக்கொண்டால் ஒரு மாலைப்பொழுது போதாது. பளிச்சிடும் காமிராவும் தின்பண்டமும் வேண்டாம். இளங்கன்று எவ்வளவு அழகாயிருந்தாலும் கை நீட்டித் தொட வேண்டாம்.