ரியல்டெக் 8126: கெர்னலைக் கம்பைல் செய்து ஓட்டிய 5 கிகாபிட் அட்டை

வீட்டில் ஏற்கெனவே இழுத்திருக்கும் கேட் 5இ கேபிளை மாற்றாமலே ஒரு கிகாபிட்டிலிருந்து ஐந்துக்கு ஏறலாம் என்பதுதான் ரியல்டெக் ஆர்டிஎல்8126 சிப் உள்ள அட்டைகளின் கவர்ச்சி. ஆனால் டெபியன் 12 ஓடும் கணினியில் செருகினால், எல்எஸ்பிசிஐ கட்டளையில் அட்டை தெரியும். நெட்வொர்க் இணைப்பு வராது. டெபியன் 12-இல் இருப்பது 6.1 கெர்னல். இந்தச் சிப்புக்கான ஆதரவு ஆர்8169 டிரைவருக்குள் வந்ததோ 2024-இல் வெளியான 6.9-இல்.

இணையம் வந்தால் போதும் என்பவர்கள் பேக்போர்ட்ஸிலிருந்து 6.12 கெர்னலை நிறுவிக்கொள்ளலாம். சிப் நிறுவனம் தரும் தனி டிரைவரை நான் பரிந்துரைக்க மாட்டேன். கெர்னலின் உள்ளமைப்பு பதிப்புக்குப் பதிப்பு மாறும். வெளியே நிற்கும் டிரைவர் அதைத் துரத்திக்கொண்டே இருக்க வேண்டும். கெர்னலுக்குள்ளேயே இருக்கும் டிரைவரை, அந்த மாற்றத்தைச் செய்பவரே சேர்த்துத் திருத்திவிடுவார்.

இந்தக் கணினிக்கு வேண்டியதை மட்டும் வைத்து ஒரு கெர்னல் வேண்டும் என்பதால் 6.12-இன் மூலநிரலை எடுத்தேன். அட்டை வேலை செய்யாதபோது அதை எப்படி இறக்குவது? போனை யுஎஸ்பியில் செருகி டெதரிங் போட்டால் போதும்.

கவனம் தேவைப்படும் இடம் ‘மேக் லோக்கல்மாட்கான்ஃபிக்’. அந்த நேரத்தில் எந்த மாட்யூல்கள் ஏற்றப்பட்டிருக்கின்றனவோ அவற்றை மட்டும் வைத்துக்கொண்டு, மாட்யூலாக இருக்கும் மற்றதையெல்லாம் அது நீக்கிவிடும். கம்பைல் நேரம் பெருமளவு குறையும். ஆனால் நம் புது அட்டையின் டிரைவர்தான் இன்னும் ஏறவே இல்லையே! எதற்காக இந்த வேலையைத் தொடங்கினோமோ அதுவே முதலில் போய்விடும். எனவே இதை ஓட்டியபின் மெனுகான்ஃபிக்கில் ஈதர்நெட் பகுதிக்குள் போய், ரியல்டெக்கின் கீழ் ஆர்8169-ஐக் கையால் தேர்ந்தெடுக்க வேண்டும். பென்டிரைவ், பிரின்டர் போன்றவற்றையும் முன்கூட்டியே செருகி வைத்துவிடுங்கள்.

டிரைவரை ‘எம்’ என்று மாட்யூலாகவே வையுங்கள். கெர்னலுக்குள் நேரடியாகச் சேர்த்தால், வட்டு மவுன்ட் ஆகும் முன்பே அது ஃபர்ம்வேர் கோப்பைத் தேடிக் காணாமல் நிற்கலாம். அந்தக் கோப்பு லினக்ஸ்-ஃபர்ம்வேர் தொகுப்பில் இருக்கிறது. பழைய டெபியனில் புதுப்பித்துக்கொள்ள வேண்டும். டீபக் தகவலை அணைத்தால் பல ஜிபி வட்டு இடம் மிச்சம். பிறகு ‘மேக் பின்டெப்-பிகேஜி’. கிடைக்கும் டெப் கோப்பை நிறுவினால் கிரப் மெனுவில் பழைய கெர்னலும் அப்படியே இருக்கும். செக்யூர் பூட் இயங்கினால், நீங்களே கையொப்பமிடாத கெர்னல் பூட் ஆகாது.

பூட் ஆனதும் இணைப்பு உடனே எழுந்தது. ஐபெர்ஃப்3 சோதனையில் வேகம் 4.7 கிகாபிட்டைத் தொட்டது. சாதாரண பாக்கெட் அளவில் ஐந்து கிகாபிட் இணைப்பு தரக்கூடியது அவ்வளவுதான். ஆனால் பிசிஐஇ 3.0 ஸ்லாட் வேண்டும். 2.0-இன் ஒற்றைத் தடத்தில் உச்சமே 4 கிகாபிட், நடைமுறையில் அதற்கும் கீழேதான்.

ஒன்றை மட்டும் ஏற்றுக்கொள்ள வேண்டும்: 6.12-க்குப் பாதுகாப்புத் திருத்தம் வரும்போதெல்லாம் கம்பைல் செய்யும் பொறுப்பு இனி உங்களுடையது. பழைய கான்ஃபிக்கை நகலெடுத்து ‘மேக் ஓல்ட்டெஃப்கான்ஃபிக்’ ஓட்டினால் பெரிய வேலையில்லை. அலுவலக சர்வரில், உங்களுக்குப் பின் வேறொருவர் பார்த்துக்கொள்ளப்போகும் கணினியில், இதைச் செய்யாதீர்கள். அங்கே பேக்போர்ட்ஸ்தான் சரி.