யாழ்நூலில் கணக்கும் கற்பனையும்

கல்முனைக்குத் தெற்கே, சாய்ந்தமருதுக்கும் நிந்தவூருக்கும் இடையே கடலை அடுத்துக் கிடப்பது காரைதீவு. முஸ்லிம் ஊர்கள் இருமருங்கும் சூழ்ந்த இவ்வூரில் 1892ஆம் ஆண்டு தோன்றியவர் விபுலாநந்த அடிகள். கொழும்புத் தொழில்நுட்பக் கல்லூரியில் அறிவியல் பயின்று, இலண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டமும் பெற்றவர். கரந்தைத் தமிழ்ச்சங்கம் 1947இல் வெளியிட்ட அவர்தம் யாழ்நூலைப் புலமைநூல் என்று போற்றுவார் பலர். அது கருவி செய்வோர்க்கும் உரிய நூல் என்பதை நினைப்பார் சிலரே.

யாழ் வழக்கொழிந்த கருவி. எஞ்சியவை சிலப்பதிகாரமும் அதன் உரைகளும் ஆற்றுப்படைகளும் தரும் சொற்களே. சொல்லிலிருந்து எண்ணையும், எண்ணிலிருந்து நரம்பையும், நரம்பிலிருந்து ஒலியையும் வருவித்தலே அடிகள் மேற்கொண்ட பணி. குரல் 4, துத்தம் 4, கைக்கிளை 3, உழை 2, இளி 4, விளரி 3, தாரம் 2 என வரும் 22 அலகுகள் அவர்க்கு வெறும் மரபுச் செய்தியல்ல. அதிர்வுகளின் விகிதங்களாக ஆராயத்தக்க அளவைகள். வீணையில் மெட்டும் விரலும் சுரத்தை ஆக்கும். யாழிலோ ஒரு நரம்பு ஒரு சுரத்துக்கே உரியது. ஆதலின் யாழ்க்கலையின் பெரும்பகுதி வாசிக்குமுன் நரம்பு கூட்டுவதிலேயே அடங்கும். குரலை வேறொரு நரம்பில் வைத்த அளவிலே வேறொரு பாலை பிறத்தலும் அதனாலேயே. இவ்விடத்தில் கணக்கு இசைக்குப் புறம்பானதன்று, அதுவே இசை.

எனினும் ஒன்று ஈண்டு ஆராயத்தக்கது. நரம்பின் அதிர்வு அதன் நீளம், இழுவிசை, எடை ஆகிய மூன்றையும் பொறுத்தது. விகிதம் சுரத்தின் உயரத்தைத் தரும். குரலின் நிறத்தைத் தாராது. பத்தரையும் அதனைப் போர்த்த தோலையும் பாடிய புலவர், நரம்பின் பருமனை அளந்து கூறினாரல்லர். எனவே 1947 சூன் திங்களில் திருக்கொள்ளம்பூதூர் அரங்கேற்றத்தில் ஒலித்த யாழொலி சங்ககால ஒலியே எனல் பொருந்தாது. அது புத்தொலி. மீட்பு என்று கூறின், ஒப்புநோக்கப் பழஞ்செவி இன்மையின் அதனைச் சோதித்தல் இயலாது. படைப்பு என்று கொள்ளின், இன்றைய செவியே நடுவனாகும். பின்னதே அடிகளுக்கு உயர்வு தருவது.

இதற்கு நூலின் முகப்பிலுள்ள நீரரமகளிர் பாடலே சான்று. அது மட்டக்களப்பு வாவியின் ஒலியிலிருந்து எழுந்தது. நிலவுக் காலத்தில் துடுப்பை நீரில் ஊன்றி மறுமுனையில் செவி வைத்துக் கேட்பர் அவ்வூர் மக்கள். கேட்போன் கை நீட்டினாலன்றிக் கேளாத இசை அது. துடுப்பே அங்கு ஒலிவாங்கி.

1966இல் நியூயோர்க்கில் பொறியியலாளரும் கலைஞரும் கூடி 'ஒன்பது மாலைகள்' நிகழ்த்தினர். பந்தடிக்கும் மட்டையில் ஒலிவாங்கி பொருத்தி, அடிதோறும் ஒலி பெருகவும் விளக்கொன்று அணையவும் செய்தனர். அங்கு இருதிறத்தார் கூடிச் செய்ததை இங்கு ஒருவரே தம்முள் கூட்டினார்.

அரங்கேறிய சில வாரங்களில், சூலை 19இல், அடிகள் மறைந்தார். நூல் நின்றது, பட்டறை தொடர்ந்திலது. அண்மைக்காலத்தில் சென்னையில் தருண் சேகர் யாழை மீண்டும் செய்து இசைக்கச் செய்தமை நற்குறி. காரைதீவுக்குத் தெற்கே ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் பொறியியற்பீடத்தோடு விளங்குகின்றது. யாழ்நூலைப் பாராட்டுவோர் ஏட்டோடு அமையாது நரம்பைக் கட்டி மீட்டிப் பார்த்தலே அந்நூலுக்குத் தக்க உரையாகும்.