புரியாத பேச்சும் புதிய மந்திரமே!

பொருள் புரியாத மந்திரத்துக்குத் தலையாட்டும் பாமரனைப் பார்த்து நாம் நகைக்கிறோம். அறிவியல் மேடையிலே ஆங்கிலச் சொற்களை அடுக்கி, ஒரு மணி நேரம் முழங்கிவிட்டு, "விளக்கிவிட்டேன்" என்று அமர்கிறாரே வல்லுநர், அவருக்கும் நாம் தலையாட்டுகிறோமே, அது எந்த வகைப் பகுத்தறிவு?

2024 டிசம்பர் 1 அன்று, ஃபெஞ்சல் புயல் கொட்டிய பெருமழையிலே திருவண்ணாமலை மலைச்சரிவு பெயர்ந்து, வ.உ.சி. நகரில் 7 உயிர்கள் மண்ணுக்கடியில் மாண்டன. அவர்களில் ஐவர் சிறுவர் சிறுமியர். மலையின் சினம் என்று பெருமூச்சு விட்டு ஓய்ந்துவிடாமல், காரணம் அறிந்தவர் வாய் திறக்கவேண்டிய வேளை அது. அத்தகைய கூட்டமொன்றுக்குச் சென்றோம். பேச வந்த பொறியாளர் கற்றவர், நல்லவருங்கூட. ஆனால் 'போர் பிரஷர்' என்றார், 'ஷியர் ஸ்ட்ரெங்த்' என்றார். திரையிலே படத்தின்மேல் படம் ஓடிற்று. முன்வரிசை மூதாட்டி எழுந்து, "மழை வந்தா எப்ப வீட்டை விட்டுக் கிளம்பணும் அய்யா?" என்று கேட்டார். விடையாக வந்தது இன்னொரு வரைபடம்!

ஒரு தட்டு, இரு பிடி மணல், ஒரு செம்பு நீர் போதுமே! தட்டைச் சாய்த்து, நீரைச் சிறுகச் சிறுக ஊற்றட்டும். ஈரம் பட்ட மணல் முதலில் இறுகி நிற்கும். இடுக்கெல்லாம் நீர் நிறைந்ததும், மணலோடு மணல் பற்றியிருந்த பிடி தளர்ந்து, திடீரெனச் சரிந்தோடும். அதைக் கண்டவர், நிலத்திலே புது வெடிப்பு, சாய்கின்ற மரம், சரிவிலே கலங்கலாகக் கசியும் நீர் இவற்றைக் கண்டதும், யாருடைய விளக்கத்துக்கும் காத்திராமல் பிள்ளைகளோடு வெளியேறுவார்.

எளிமையாக்கினால் ஆழம் கெடும் என்பர் சிலர். மைக்கேல் பாரடே கொல்லர் மகன். புத்தகம் கட்டும் தொழில் பயின்றவர். 1860-61இல் இலண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில், சிறுவர்முன் மெழுகுவர்த்தி ஒன்றை வைத்தே ஆறு சொற்பொழிவுகள் ஆற்றினார். சுடரை அணைத்து, எழுந்த புகையருகே தீயைக் காட்ட, அது காற்றிலே ஓடித் திரியைப் பற்றிக்கொண்டது. எரிவது மெழுகின் ஆவி என்பதை நூறு சொற்களால் கூறியிருக்கலாம். அவரோ கண்முன் நிகழ்த்தினார். எந்த ஆழம் கெட்டது? ஆண்டுதோறும் மலையுச்சியிலே நெய்யும் திரியும் எரிவதைக் காணும் ஊர் இது. அந்தச் சுடரைக் காட்டி வேதியியல் பேசிய மேடையை நாம் இன்னும் கண்டதில்லை!

கலைச்சொற்களே கூடாதென்று நாம் கூறவில்லை. மணலைக் காட்டியபின் 'துளைநீர் அழுத்தம்' என்றிருந்தால் மூதாட்டியும் மறந்திருக்கமாட்டார். நம் பேச்சாளரோ பெயரில் தொடங்கிப் பெயரிலேயே முடித்தார். பலத்த கைதட்டலும் பெற்றார். தட்டிய கைகளில் நம் தோழர்களின் கைகளும் இருந்தன.