அசையாத ஆல்ட்டோ

வடசென்னை டோல்கேட் பக்கத்துக் கிறிஸ்துமஸ் கேரல் குழு ஒன்றில் நடுக்குரல் பாடும் ஆல்ட்டோவைப் பற்றி ஊரெல்லாம் ஒரே பேச்சு: "அந்தப் பொண்ணு சும்மா நிக்குது." பெயர் வேண்டாம், கேரல் கேட்டு வளர்ந்தவர்களுக்கு யாரென்று தெரியும். மோகன ராகக் கீர்த்தனையில் சொப்ரானோக்கள் ஏறி இறங்கிக்கொண்டிருக்க, இவர் வரிக்கணக்கில் பஞ்சமத்தை விட்டு நகர்வதில்லை. இதை அரேஞ்சரின் சோம்பல் என்கிறார்கள். அந்தப் பாட்டிலேயே துணிச்சலான முடிவு அதுதான் என்பேன். பந்தைத் தொடாமலே நடுக்களத்தை அடைத்து நிற்கும் கால்பந்து ஆட்டக்காரரை வியாசர்பாடியில் யாரும் சோம்பேறி என்பதில்லையே!

நம் சபைகளில் ஞானப்பாட்டை நான்கு குரலிலும், கீர்த்தனையை ஒரே குரலிலும் பாடுவது நெடுநாள் வழக்கம். வேதநாயக சாஸ்திரியார் (1774-1864) வழிவந்த கீர்த்தனைகளுக்கு ராகம் உண்டு. கீபோர்டில் கை பழகிய கார்டுகள் (சுரக்கூட்டுகள்) அங்கே செல்லாது. மோகனத்துக்கு ஸ ரி க ப த என்று ஐந்தே சுரம். அதற்குள் முழுசாக அமையும் கார்டுகள் இரண்டுதான்: ஸ-க-ப, த-ஸ-க. பஞ்சமத்தின் மேல் கார்டு கட்ட நிஷாதம் வேண்டும், ராகத்தில் அது இல்லை. பலர் அந்த நிஷாதத்தை ஆல்ட்டோவின் தலையில் கட்டிவிடுகிறார்கள். காதுக்கு நிறைவாக இருக்கும், மோகனம் போய்விடும். இந்த அரேஞ்சர் ரி-யையும் ப-வையும் மட்டும் வைத்து, நடுவை வெறுமையாக விட்டார். மேலே தைவதம் அசையும்போது பக்கத்துச் சுரத்தில் அசையாமல் நிற்பது எவ்வளவு கடினம் என்று பாடிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். எந்த எழுத்தில் நிற்பது என்பதிலும் கணக்கு இருக்கிறது. குறிலை இழுத்தால் 'படி' 'பாடி' ஆகிவிடும். இந்த ஆல்ட்டோவின் நீட்டல் ஒவ்வொன்றும் நெடிலில்தான் விழுகிறது.

ஒரே சுரத்தில் நிற்பதற்குச் சுருதிப் பெட்டியே போதாதா என்று கேட்கலாம். சுருதிப் பெட்டி சொல்லைப் பாடாது. வரியின் பொருள் திரும்பும் இடத்தில் குரலைத் தணிக்கவும் அதற்குத் தெரியாது. நம் இசைக்குப் பல குரலே ஆகாது என்பவர்களுக்குப் பதில் எப்போதோ வந்துவிட்டது: எம்.பி. சீனிவாசன் சென்னை இளைஞர் சேர்ந்திசைக் குழுவுக்காகப் பாரதியைப் பல குரலில் அமைத்தார், பாரதியின் தமிழ் அதில் சிதையவில்லை.

இனி நடக்கப்போவதையும் சொல்லிவிடுகிறேன். திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் கண்டெய்னர் லாரி உறுமினால் முதலில் அமுங்குவது பேஸ் குரல்தான். தெருவில் நின்று பாடும் குழுவைத் தாங்கப்போவது நடுக்குரலே. இன்னும் இரண்டு கிறிஸ்துமஸுக்குள் ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை பாதிக் குழுக்கள் இந்தப் பஞ்சமத்தைக் காப்பியடிக்கும். நிஷாதக் கட்சி ஒதுங்கும். டிசம்பரில் கேரல் ரவுண்டு உங்கள் வாசலுக்கு வரும்போது ஒரு சரணம் மட்டுமாவது சொப்ரானோவை விட்டுவிட்டு ஆல்ட்டோவைக் கேளுங்கள்.