ராகி உருண்டையின் வாசம்

அஞ்செட்டிப் பக்கம் வீட்டில் களியாகும் ராகி, தூண்டிலுக்கும் அருமையான இரை. வெந்த மாவில் கடலைப் பிண்ணாக்கைச் சேர்த்து விரிசல் விடாமல் பிசைய வேண்டும். தளர்ந்தால் ஏரித் தண்ணீரில் உடனே உதிர்ந்துவிடும்; இறுகினால் வாசம் வெளியே பரவாது. மெல்ல மெல்லக் கரையும் அந்த நடுப்பதம் அறிந்த விரல்கள்மேல் எனக்குப் பெரிய மரியாதை. கலங்கிய நீரில் கெண்டை கண்ணைவிட மூக்கையும் மீசையையும்தான் நம்பும்.

கைவாசமும் மீனுக்குத் தெரியும். 1950களில் கனடாவில், ஆற்றில் மேலேறி வந்த சால்மன்கள், மனிதர் கை கழுவிய நீர் கலந்ததும் மிரண்டு பின்வாங்கின. தோலிலிருந்து கசியும் செரின் என்ற அமினோ அமிலமே காரணம் என்று கண்டறிந்தார்கள். பீடி, பெட்ரோல், சோப்பு எது தொட்ட கையானாலும் கரைமண்ணில் தேய்த்துக் கழுவிய பிறகே மாவைத் தொட வேண்டும்.